மனசுக்குள் ஒரு பிரேக்

“காலை அசைக்கக் கூடாது சார். பிரேக் போடுற மாதிரி மனசுல நினைச்சாப் போதும்.”

“நினைக்கத்தான்மா செஞ்சேன். கால் தானாப் போயிடுச்சு.”

ஆராய்ச்சிக்காரி பெருமூச்சு விட்டாள். எதிரே நாற்காலியில் பெரியவர். அவர் தலையில் கம்பிகள் தொங்கும் வலைத் தொப்பி, துளைக்குத் துளை பசை. மூளைக்குள் ஓடும் துளித்துளி மின்சாரத்தை அந்தத் தொப்பி அளந்து, கணினித் திரையில் கோடு கோடாகக் காட்டும். வலது காலில் இன்னொரு பட்டை. கால் லேசாக அசைந்தாலும் ‘பீப்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். அது காலையிலிருந்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது.

சுவரோரமாகக் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த அவர் மனைவி வாயைத் திறந்தாள்.

“அந்தக் காலைக் கட்டிப்போட்டாத்தான்மா அடங்கும். எங்க கார்ல இவர் மிதிச்சு மிதிச்சே ரெண்டு மிதியடி ஓட்டையாப் போச்சு.”

“நீ சும்மா இரு. நான் மிதிக்கலேன்னா நாம ரெண்டு பேரும் இன்னிக்கு இங்க உட்கார்ந்திருக்க மாட்டோம். சுவத்துல படமாத் தொங்கிட்டிருப்போம்.”

“ஐயோ, சண்டை போடாதீங்க. கோடெல்லாம் குதிக்குது!”

அவள் கவலை அவளுக்கு. மூன்று வருட ஆராய்ச்சி. கையும் காலும் நிஜமாகச் செய்து பழகிய வேலையைத்தான் மூளை கற்பனையிலும் சுத்தமாகச் செய்து பார்க்கும், பழகாத வேலை என்றால் கோடு மசமசவென்று கிடக்கும். இதைத்தான் அவள் நிரூபிக்க வேண்டும். ஆனால் வந்து உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் கற்பனை செய்யச் சொன்னால் தூங்கிப்போனார்கள். மீதிப் பேர் அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். ‘இன்னிக்கும் ஒரு நல்ல பதிவு வரலேன்னா தலைப்பையே மாத்திடு’ என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாற்றினால் மறுபடி முதலிலிருந்து.

“சார், உங்களுக்கு ரோட்டுல எத்தனை வருஷ அனுபவம்?”

“முப்பது வருஷம். வண்டியில ஒரு கீறல் கிடையாது. கேக்குறாங்கல்ல, சொல்லேன்!”

“கீறல் இல்லதான்,” என்றாள் மனைவி. “என் காதுதான் போச்சு. வண்டி கிளம்பினா நிக்கிற வரைக்கும் வாய் மூடாது. முன்னாடி போறவன், பின்னாடி வர்றவன், குறுக்க ஓடுற நாய், ஒருத்தர் பாக்கியில்லாம அர்ச்சனைதான்.”

“ரோடுன்னா சத்தம் போட்டுத்தான் ஆகணும். இவளுக்கு என்ன தெரியும்?”

“சார், எனக்காக ஒரே ஒரு தடவை. வாய், கை, கால் எதுவும் வேணாம். முழுசும் மனசுக்குள்ளயே ஓட்டுங்க. கெஞ்சிக் கேக்குறேன்.”

அந்தக் குரலில் பெரியவர் கொஞ்சம் இளகினார். இரண்டு கைகளையும் தொடை மேல் வைத்து, உதட்டை இறுக்கிக்கொண்டார். எதிரே பெரிய திரையில் ஒரு சாலை ஓடத் தொடங்கியது.

வளைவில் லாரி ஒன்று யானை மாதிரி அசைந்து வந்தது. பெரியவரின் கண் பிதுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. கால் மட்டும் அசையவில்லை. பீப் வரவில்லை.

ஆனால் கணினியில், உச்சந்தலைக்கு நேரே இருந்த கோடு, பிரேக் மிதிக்க வேண்டிய அதே நேரத்தில் பொசுக்கென்று தணிந்தது. காலை அசைக்கும் இடம் அதுதான். மூளை அந்த வேலையில் இறங்கினால்தான் கோடு தணியும். சைக்கிள் குறுக்கே வந்தது, தணிந்தது. சிக்னல் சிவப்பானது, அதற்கும் தணிந்தது.

ஆராய்ச்சிக்காரி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். திரையைப் போனில் படம் பிடித்துப் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டு, உடனே அவரைக் கூப்பிட்டாள்.

“சார், ஆள் கிடைச்சுட்டார்! இப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததே இல்ல!”

“அனுப்பின படத்தைப் பார்த்தேன்,” பேராசிரியரின் குரல் போனைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது. “பழுத்த டிரைவரும்மா அவர்! விட்டுடாதே. நிஜமா ஓட்டும்போது வர்ற கோட்டையும் எடுத்துடு. ரெண்டும் பொருந்திப்போச்சுன்னா உன் ஆராய்ச்சி முடிஞ்சுது.”

பெரியவருக்கு மார்பு விரிந்தது. மனைவியைப் பார்த்தார். “காதுல விழுந்துதா? பேராசிரியரே சொல்றார்.”

“விழுந்துது, விழுந்துது. இனிமே வழி பூரா இதையேதான் கேட்டுட்டு வரணும். என் தலையெழுத்து.”

அறையின் மூலையில் ஒரு காரின் முன்பாதி மட்டும் நின்றது. இரண்டு இருக்கைகள், ஸ்டீயரிங், பெடல், கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் திரை.

“வாங்க சார். இப்ப கற்பனை வேணாம், நிஜம். உங்க கார்ல எப்பவும் எப்படிப் போவீங்களோ, அப்படியே செய்யுங்க.”

“எப்பவும் போலவேவா? கத்தலாமா?”

“தாராளமாக் கத்துங்க. காலையும் இஷ்டம்போல மிதிங்க.”

கம்பிகள் பின்னால் தோகை மாதிரி இழுபட, பெரியவர் மிடுக்காக நடந்து போனார். ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டிக்கொண்டார். இரண்டு கால்களையும் வெறும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டார்.

“சார்... ஸ்டீயரிங் அந்தப் பக்கத்து சீட்ல இருக்கு.”

“இருக்கட்டும்மா, எனக்குத்தான் லைசென்ஸே கிடையாதே,” என்ற பெரியவர் மனைவி பக்கம் திரும்பினார். “என்ன பாத்துட்டு நிக்கிற? பையை வச்சிட்டு வந்து வண்டிய எடு!”