ஆறு ஊருக்குச் சாவுச் சேதி

போனில் மணி போய்க்கொண்டிருந்தது. கலியன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

பஸ் திண்டிவனம் தாண்டிவிட்டது. ஜன்னலோரம் மகள். அவள் மடியில் சான்றிதழ்ப் பை. மதியம் இரண்டு மணிக்குச் சென்னையில் கலந்தாய்வு. மாட்டு டாக்டர் படிப்பு. தவறவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

ஊரில் பெரிய வீட்டுக்காரர் விடியற்காலையில் இறந்துபோனார். கலியனைத் தேடிச் சேரிக்கு ஆள் வந்தது. ஆறு ஊர்ச் சொந்தங்களுக்கும் நேரில் போய்ச் சேதி சொல்ல வேண்டும். அவருடைய அப்பனும் பாட்டனும் செய்த வேலை. யார் வீட்டிலும் படியேறக் கூடாது. தெருவில் நின்று, தோள்துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு சொல்ல வேண்டும்.

"சரிங்க" என்று தலையாட்டிவிட்டு மகளோடு பஸ் ஏறிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் அவர் செய்த முதல் திருட்டுத்தனம்.

ஆறு ஊர்க்காரர்களின் எண்களும் அவர் போனிலேயே இருந்தன. வேலை என்றால் அவர்கள் கூப்பிட வேண்டுமே.

"யாரு?"

"கலியன் பேசறேன் சாமி. நம்ம பெரியவரு தவறிட்டாருங்க."

"அதான் காலையிலேயே ஸ்டேட்டஸ்ல பாத்துட்டோமே. நீ எப்படா வந்து சொல்லப் போற?"

தெரிந்த சாவுதான். ஆனாலும் ஒருவர் வந்து வெயிலில் நிற்க வேண்டும்.

"அப்பா."

மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அப்போதுதான் கவனித்தார். எழுந்து நின்றுகொண்டிருந்தார். துண்டு அக்குளில் இருந்தது. காலில் செருப்பு இல்லை. எப்போது கழற்றினார் என்று தெரியவில்லை.

கம்பியைப் பிடித்து நின்றிருந்தவர் சீட்டு கிடைக்கும் ஆசையோடு, "எறங்குறீங்களா?" என்றார். இல்லையென்று தலையாட்டினார்.

அழைப்பைத் துண்டித்துவிட்டு உட்கார்ந்தார்.

வெட்கமாக இருந்தது. வெளியூர்த் தெருக்களில் அவர் எப்படி நிற்பார் என்பதை மகள் பார்த்ததில்லை. இன்று பார்த்துவிட்டாள்.

அவள் கை நீட்டினாள். துண்டை வாங்கி மடித்தாள். சான்றிதழ்களுக்கு மேலே வைத்துப் பையை மூடினாள்.

இன்னும் ஐந்து ஊர்.

நாளைக்குச் சொந்த ஊருக்குத்தான் திரும்பியாக வேண்டும்.

அடுத்த எண்ணை அழுத்தினார்.

"வாசல்ல வந்து நின்னு சொல்லாம போன்லயாடா சொல்ற? அவ்ளோ திமிரா?"

முழங்கால்கள் தாமாக எழும்பின. மகளின் கை வந்து அவற்றின்மேல் அழுத்தியது.

"பொண்ணக் காலேஜில சேக்கப் போறேங்க. பஸ்ஸுல உக்காந்திருக்கேன்."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"உக்காந்துதான் சொல்றேன். பெரியவரு தவறிட்டாரு."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

முழங்கால்மேல் இருந்த கையை மகள் எடுக்கவில்லை.

"அடுத்தது எந்த ஊருப்பா?"