கடைசி வண்டி

"சார், நீங்க கடைசி. எல்லாருக்கும் பின்னால வாங்க."

வழிகாட்டி கையை நீட்டிச் சொன்னதுதான் தாமதம், சின்ன மாப்பிள்ளைக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

குடும்பத்தோடு வந்த வெளிநாட்டுச் சுற்றுலா. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய வரை பாலைவனம். மணல்மேடுகளில் ஏறி இறங்க ஆளுக்கொரு நாலு சக்கர பைக். வண்டிகள் நின்ற கொட்டகைக்கு முன்னால் இருந்த கட்டாந்தரையில் எல்லோரையும் ஒரு சுற்று ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, தமிழ்க்கார வழிகாட்டி வரிசைப்படுத்தினார். முதலில் அவர். அவர் முதுகை ஒட்டிப் பெரிய மாப்பிள்ளை. அப்புறம் அக்கா, அப்புறம் தங்கை. எல்லோருடைய புழுதியையும் தின்றுகொண்டு கடைசியில் தங்கையின் புருஷன், அதாவது நம்ம சின்ன மாப்பிள்ளை.

'மாமனார் வீட்லதான் அப்படின்னா, இங்கேயுமா?'

மாமனார் வீட்டுக் கதையைக் கேட்கவே வேண்டாம். காரில் போனால் முன் சீட்டு பெரிய மாப்பிள்ளைக்கு. போட்டோ எடுத்தால் நடுநாயகமாகப் பெரியவர். டிவி ரிமோட்கூட அவர் கையில்தான். சின்னவர் அங்கே ஒப்புக்குச் சப்பாணி.

இத்தனைக்கும் மீசை முளைத்த நாளிலிருந்து பைக்கிலேயே குடியிருப்பவர் சின்னவர். பெரியவரோ பேங்க் மேனேஜர். ஏசி ரூமை விட்டு வெளியே வந்தால் காருக்குள் ஏறிவிடுகிற ஆள்.

வண்டிகள் கிளம்பின. வழிகாட்டி நிமிஷத்துக்கொரு தரம் திரும்பித் திரும்பிப் பெரியவரையே பார்த்தார். "சபாஷ் சார்! அப்படித்தான் சார்!" என்று கட்டைவிரலைக் காட்டினார். ஒரு மேட்டடியில் தானே இறங்கி வந்து பெரியவரின் ஹெல்மெட் வாரை இறுக்கிக்கூட விட்டார்.

'மேனேஜர்னு தெரிஞ்சதும் குழையறதைப் பாரு!' சின்னவர் வாய்க்குள் புகுந்த மணலோடு பல்லையும் கடித்தார்.

பாதி வழியில் தண்ணீர் குடிக்க நிறுத்தினார்கள். சின்னவரின் மனைவி சும்மா இருக்கக் கூடாதா?

"மாமா எவ்ளோ ஜோரா ஓட்டுறாரு, பாத்தீங்களா?"

எரிகிற நெருப்பில் எண்ணெய். சின்னவர் நேராக வழிகாட்டியிடம் போனார்.

"இனிமே நான்தான் முன்னால வருவேன்."

"வேண்டாம் சார். உங்க இடம் கடைசிதான்."

"என் இடத்தை நீங்க சொல்லாதீங்க! எனக்கு ஓட்டத் தெரியலைன்னு நினைச்சீங்களா?"

"ஐயோ, அதுக்கில்லை சார்..."

வழிகாட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெரியவர் குறுக்கே வந்தார். "விடுங்க தம்பி. சகலை முன்னால போகட்டும். நான் பின்னால வரேன்."

"சார், நீங்களா?"

"சமாளிச்சுக்கறேன், விடுங்க."

பெரியவர் முகம் ஒரு மாதிரி வெளிறியதைச் சின்னவரும் கவனித்தார். கவனித்துச் சந்தோஷப்பட்டார். இடம் பறிபோனால் வலிக்கத்தானே செய்யும், வலிக்கட்டும்!

அப்புறம் ஓட்டினார் பாருங்கள்! எவ்வளவு செங்குத்தான மேடானாலும் ஒரே மூச்சில் ஏறினார். சரிவில் வளைத்து வளைத்து இறங்கினார். கடலோரம் வந்து வண்டியை நிறுத்தி, 'இப்ப என்ன சொல்றீங்க?' என்கிற முகத்தோடு திரும்பினார்.

அக்கா வந்தாள். தங்கை வந்தாள். அவ்வளவுதான்.

"சகலை எங்கே?"

"பின்னாலதானே வந்தாரு!" என்றாள் தங்கை. "இந்தச் சத்தத்துல நான் திரும்பிப் பாக்கலையே..."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. வழிகாட்டி வண்டியைத் திருப்பினார். சின்னவர் அவரை முந்திக்கொண்டு பறந்தார். பொறாமையெல்லாம் போன இடம் தெரியவில்லை. 'ஆளுக்கு ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாது' என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது.

பெரிய மேட்டுக்குக் கீழே வண்டி ஒருக்களித்துக் கிடந்தது. சக்கரம் பாதி மணலுக்குள். பக்கத்தில் பெரியவர் காலை நீட்டி உட்கார்ந்து சிராய்த்த முட்டியை ஊதிக்கொண்டிருந்தார். நல்லவேளை, வேறு அடி இல்லை.

வழிகாட்டிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"ஓட்டப் பயப்படறவங்களைத்தான் சார் என் முதுகுக்குப் பின்னால வச்சுக்குவேன். கடைசி வண்டியை, வர்றவங்கள்லயே நல்லா ஓட்டறவருக்குத்தான் குடுப்பேன். முன்னால யாரு விழுந்தாலும் நின்னு தூக்க ஆள் வேணுமில்ல? கட்டாந்தரையில நீங்க ஓட்டினதைப் பாத்துத்தானே உங்களைக் கடைசியில விட்டேன்! இப்ப பாருங்க, இவர் விழுந்தது யாருக்குமே தெரியலை."

சின்னவர் கைகொடுத்துச் சகலையைத் தூக்கினார்.

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எல்லா இடத்துலயும் என்னையே முன்னால தள்ளுறாங்க. உங்களுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா சகலை? இன்னிக்காவது நீங்க முன்னால போகணும்னு நினைச்சேன்."

"அதுக்காகப் பயந்துக்கிட்டே ஓட்டி, இப்படி விழணுமா?"

பெரியவர் மீசையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டே வெட்கமாகச் சிரித்தார்.

"பயத்துல விழலை சகலை. இந்த மேட்டுல நீங்க ஏறினீங்க பாருங்க, அடேயப்பா, என்ன அழகு! வாயைப் பொளந்து அதையே பாத்துக்கிட்டு வந்தேனா, என் வண்டி எங்கே போச்சுன்னே தெரியலை!"