நீல டேக்

ஆகஸ்ட் 10, ஞாயிறு. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மதுரை ஐ.டி. நண்பர்கள் சந்திப்பில் வேலை தேடுகிறவர்களுக்குப் பச்சை டேக், வேலை கொடுக்கிறவர்களுக்கு நீல டேக். அவசரத்தில் நான் நீலத்தை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

நான் படிக்கும் மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பு இந்த வாரத்தோடு முடிகிறது. வேலை கிடைக்காவிட்டால் வில்லாபுரத்தில் மாமாவின் ஜவுளிக்கடைதான்.

சந்திப்பை நடத்தும் ராஜகுரு மேடையில் முழங்கினார்: "இனிமே எந்த மதுரைக்காரனும் வேலைக்குன்னு பெங்களூரு பஸ் ஏறக் கூடாது!" அவர் கழுத்திலும் நீல டேக். எல்லோரும் கைதட்டினோம். நான் சற்று அதிகமாகவே தட்டினேன்.

டீ இடைவேளையில் பச்சை டேக்குகள் என்னைச் சூழ்ந்துகொண்டன.

"மேடம், உங்க கம்பெனிக்கு எம்புட்டுப் பேரு வேணும்?"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால், "பாத்துச் சொல்றேன்" என்று பதினேழு ரெஸ்யூம்களை வாங்கிக்கொண்டேன். ராஜகுருவிடமாவது தவறை ஒப்புக்கொண்டு வேலை கேட்கலாம் என்று காத்திருந்தேன். அவரே என்னைத் தேடி வந்தார்.

"மேடம், ஒரு நிமிஷம் தனியா வாரீங்களா?"

தூண் மறைவுக்குப் போனதும், சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். பதினெட்டாவது ரெஸ்யூம்.

"பெங்களூருல உங்களுக்கு ஆபீஸ் இருக்கா மேடம்? சொன்னா இன்னைக்கே பஸ் ஏறிருவேன்."

நாளைய வேலை: பதினெட்டுப் பேருக்கும் உண்மையை எழுதி அனுப்ப வேண்டும். பிறகு, கடையில் என்னோடு இன்னும் ஓர் ஆளுக்கு இடமிருக்குமா என்று மாமாவிடம் கேட்க வேண்டும்.