முன்வரிசையில் ஓர் இடம்

தவக்காலத்தின் முதல் ஞாயிறு. அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு சின்னக் கோயிலில் ஆராதனை தொடங்க முடியாமல் வெள்ளைக்காரப் போதகர் வெஸ்லி தவித்துக்கொண்டிருந்தார். யூடோரா கடைசி பெஞ்சை விட்டு எழுந்தால்தானே?

"சிஸ்டர், இந்தத் தவக்காலம் முழுக்க வெள்ளையரும் கறுப்பரும் கலந்து உட்காரணும்னு சபையில முடிவு பண்ணியாச்சு. எல்லாரும் மாறிட்டாங்க. நீங்கதான் பாக்கி."

"எனக்கு இதுதான் வசதி, பாஸ்டர். அங்க ஏசி நேரா மண்டையில அடிக்கும்."

"முதல் வரிசையில ஹாரியட் உங்களுக்காக இடம் போட்டு வச்சிருக்காங்க. அவங்க பக்கத்துல உட்கார அப்படி என்ன கஷ்டம்?"

"ஒரு கஷ்டமும் இல்ல. அவளை இங்க வரச் சொல்லுங்க."

"தவக்காலத்துலகூட மனசு மாறலேன்னா எப்படி?"

யூடோரா தன் கறுத்த கையால் பெஞ்சை ஓங்கித் தட்டினாள்.

"இதே கோயில்ல எங்கம்மா முன்னால உட்காரப் போனப்ப, உங்க ஆளுங்க பின்னால துரத்தினாங்க. பின்னால உட்கார்ந்திருக்கிற என்னை இப்ப நீங்க முன்னால துரத்துறீங்க. எங்களுக்குப் பிடிச்ச இடத்துல எங்களை எப்பத்தான்யா உட்கார விடுவீங்க?"