நீலக் கட்டைவிரல்

உலகத்தில் இதுவரை கெட்டுப்போன உயில்கள் அத்தனையும் சொந்தக்காரர்களால்தான் கெட்டுப்போயிருக்கின்றன.

இதை வக்கீல் காலையில் அறிவித்தபோது பன்னிரண்டாம் வகுப்பில் ஒருவரும் மறுக்கவில்லை. மறுத்தால் முக்கால் மணி நேரம் பேசுவான். தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கடிதம் கேட்ட தலைமையாசிரியரையே பேசிப் பேசி மன்னிப்புக் கேட்க வைத்தவன். பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

ஆகவே பிரிவு விழாவில் வாசிக்கும் இந்த ஆண்டு உயிலில் தம்பி, தங்கை, அத்தை மகன், மாமா மகள் யாருக்கும் பங்கில்லை என்று தீர்மானமாயிற்று.

முதல் பலி ஸ்பீக்கர். பிறந்ததிலிருந்து மெதுவாகப் பேசத் தெரியாதவன். "என் சத்தத்தில் பாதி, வகுப்பில் வாய் திறக்காத என் தம்பிக்கு" என்று ஒரே வரிதான் எழுதியிருந்தான். வக்கீல் அந்தச் சீட்டை எல்லோர் முன்னிலும் நான்காக மடித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"குடும்ப அரசியலுக்கு இங்க இடம் இல்ல."

"பாவம்டா, சின்னப் பையன்டா" என்று ஸ்பீக்கர் அவன் காதில் ரகசியமாகச் சொன்னது மூன்றாம் மாடிவரை கேட்டது.

மதியம் அரங்கம் கொதித்துக்கொண்டிருந்தது.

கிளம்பும் வகுப்பு, தனக்கு இனி உதவாததையெல்லாம் கீழ்வகுப்புகளுக்கு எழுதிவைக்கும். பெயர் வாசிக்கப்பட்டவர் மேடைக்கு ஓடிவந்து நோட்டில் கைநாட்டு வைக்க வேண்டும். அலுவலகத்திலிருந்து தூக்கிவந்த நீல மை. மூன்று நாளைக்குப் போகாது. அந்த மூன்று நாளும் கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடி நடப்பதற்குப் பெயர்தான் புகழ்.

வக்கீல், இயற்பியல் ஆய்வகத்தின் கறுப்புத் திரையை அங்கியாகப் போர்த்திக்கொண்டு, சாக்பீஸ் டப்பாவிலிருந்து சீட்டுகளை எடுத்து வாசித்தான்.

கண்ணைத் திறந்தபடி தூங்கும் வித்தையைக் கொட்டாவி ஒரு பத்தாம் வகுப்புப் பையனுக்கு எழுதியிருந்தான். குறட்டைக்குக் கம்பெனி பொறுப்பல்ல.

மதில்மேல் எட்டிப் பார்த்துத் தலைமையாசிரியர் வருகிறாரா என்று சொல்லும் உத்தியோகத்தை நெட்டை, பள்ளியிலேயே குள்ளமானவனுக்குக் கொடுத்தான். கூடவே இரண்டு செங்கல்.

பேனாக்காரி அறுபத்து மூன்று பேனா மூடிகளை விட்டுச்சென்றாள். பேனாக்கள் எங்கே என்று வாரிசு கேட்கக் கூடாது.

ஒவ்வொரு பெயருக்கும் கூரை பறந்தது. ஒருத்தி பெஞ்சின்மேல் ஏறிக் குதித்தே வந்தாள்.

நான்காம் வரிசை ஓரத்தில், இரட்டைச் சடை போட்ட ஏழாம் வகுப்புக்காரி ஒருத்தி மட்டும் வலது கட்டைவிரலைப் பாவாடையில் துடைத்துத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள்.

வக்கீலின் தங்கை.

பள்ளி மாறி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. முதல் நாளே பேருந்து நிறுத்தத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தான்: பள்ளியில் நீ யாரோ, நான் யாரோ. அதன்படி அவன் ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னலோரம். அவள் கடைசிக் கம்பியைப் பிடித்து நின்றபடி.

இன்று காலை ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே கேட்டாள்: "அண்ணா, எனக்கு யாராச்சும் ஏதாச்சும் எழுதியிருப்பாங்களா?"

"உன்ன இங்க யாருக்குடி தெரியும்?"

உண்மையைத்தான் சொன்னான். அது இப்போது காலருக்குள் விழுந்த வெட்டிய முடி மாதிரி அரித்துக்கொண்டிருந்தது.

ஏழு சீட்டு மிச்சம். பிரித்ததும் முதலில் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் வாசித்தான்.

மூன்று.

ஒன்று. அதுவும் ஒரு கைப்பந்துக்காரனுக்கு, பரீட்சை அன்று மட்டும் வரும் முழங்கால் வலி.

டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினான். தூள்தான் கொட்டியது. கூட்டம் எழுந்துகொள்ளத் தொடங்கியது. நான்காம் வரிசையில் கட்டைவிரல் மெல்ல மற்ற விரல்களுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"உக்காருங்கப்பா. உயில் இன்னும் முடியல."

அங்கிக்குள் கையைவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தான். நான்கு மடிப்பையும் பிரித்தான். தொண்டையைச் செருமினான். வாசித்தான்.

"எட்டு மணிப் பேருந்து. ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னல் சீட். மூன்று வருட அனுபவ பாத்தியதை. மழை பெய்தால் கண்ணாடி மூடாது. அதுவும் சொத்தில் சேர்த்தி. திங்கட்கிழமை முதல் இது ஏழாம் வகுப்பில், இரட்டைச் சடையோடு, ஆறு மாதமாக நின்றுகொண்டே வருகிறவருக்கு. எழுதிவைத்தவர் தன் பெயரை வெளியிட விரும்பவில்லை."

அரங்கம் மொத்தமும் திரும்பி இரட்டைச் சடையைத் தேடியது. அதற்குள் அவள் மேடைப்படியில் இருந்தாள்.

ஒப்பந்தப்படி அவள் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டே நகரும் அளவுக்குக் கட்டைவிரலை அழுத்தினாள்.

"ரொம்ப நன்றிங்க" என்றாள், வழி சொன்னவரிடம் சொல்வதுபோல.

மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற ஸ்பீக்கர் சும்மா சீட்டை எட்டிப் பார்த்தான். அதில் பேருந்தும் இல்லை, ஜன்னலும் இல்லை. ஒரே ஒரு வரி. தன்னுடைய கோணல் கையெழுத்து.

ஸ்பீக்கர் வாயைத் திறந்தான். மூன்றாம் மாடிக்கே கேட்கப்போகிறது என்று வக்கீல் கண்களை இறுக்கி மூடிக்கொண்டான்.

"அப்ப என் தம்பிக்கு?"

வக்கீலைத் தவிர ஒருவருக்கும் கேட்கவில்லை. எழுதிவைத்ததுபோக மிச்சமிருந்த பாதியில்தான் கேட்டிருக்க வேண்டும்.

வக்கீல் அந்தச் சீட்டை மறுபடி நான்காக மடித்தான். பிறகு, புதுச் சீட்டு ஒன்றைப் பிரிக்கிறவன்போல நிதானமாகப் பிரித்தான்.

"அடுத்ததாக" என்றான் மைக்கில், "சத்தத்தில் பாதி."