வேண்டாம் கண்ணு

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்ததால், அரவேணு ஊர்த் தேயிலை விவசாயி வேலுமணி சொந்தமாக டீத்தூள் பாக்கெட் போட்டார். வாங்கத்தான் ஆளில்லை. மனைவி பங்கஜமோ, ஒரு காலத்தில் ஊரே வாங்கிக் குவித்த டிவி ஷாப்பிங் சேனலுக்குத் தினமும் போன் போட்டு, தோசைக்கல் முதல் தொப்பை பெல்ட் வரை விசாரித்துவிட்டு, “வேண்டாம் கண்ணு” என்று வைத்துவிடுவாள்.

ஆர்டர் வற்றி ஒருநாள் சேனலையே மூடினார்கள்.

“உன்னாட்ட நாலு பேரு போன் பண்ணுனா மூடாம என்ன பண்ணுவாங்க?” என்று சிரித்தார் வேலுமணி.

மறுவாரம், அந்தச் சேனலில் பங்கஜத்தின் போனை எடுத்துப் பேசிய ராஜப்ரியா பையோடு வாசலில் நின்றாள்.

“ஏனுங்க, நம்ம டீத்தூளை இனி இந்தப் புள்ளதான் போன்ல விக்கப் போகுது.”

“உனக்கு ஒரு கரண்டி விக்க முடியாத புள்ளையா?”

“எட்டு மாசமா வேண்டாம்னேன், இந்தப் புள்ள ஒருநாளும் சலிச்சுக்கலீங்க. சேனலை எப்ப மூடுவாங்கன்னுதான் காத்திருந்தேன்!”