வசுதா தைத்த செருப்பு

மண்டி மொஹல்லாவில் இருந்த தோல் பட்டறையில் வசுதா குத்தூசியை ஓங்கிக் குத்தினாள்.

"ஸ்வல்ப மெதுவா. முதல்ல ஓட்டை போடணும், அப்புறம் ரெண்டு பக்கமும் ஊசி விட்டு நூலை இழுக்கணும். கோபத்தைத் தோல் மேல காட்டாதே," என்றான் கற்றுக்கொடுத்த மஞ்சுநாத்.

"அப்பா மேல காட்டத்தான் கத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை என்னைப் பெண் பார்க்க வரா. அதுக்குள்ள ஒரு செருப்பாவது தைக்கத் தெரியணும்."

ஞாயிறன்று மாப்பிள்ளை வீட்டார் உள்ளே நுழைந்தபோது, அவள் கூடத்து நடுவில் உட்கார்ந்து செருப்பு தைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கேசவமூர்த்தி பதறி ஓடி வந்தார்.

"என்னடி அசிங்கம் இது? உள்ள எடுத்துண்டு போ!"

மாப்பிள்ளையின் அப்பா அந்தச் செருப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தையல் நன்னா இருக்கே! எங்க ஷூ ஃபாக்டரிக்கு ஏத்த மாட்டுப்பொண்ணுதான்."

கேசவமூர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகளிடம் குனிந்து, "உன் திட்டம் பலிக்கலை பார்த்தியா? அவாளுக்குத் தோல்தான் தொழில்," என்று சிரித்தார்.

"தெரியும்ப்பா. அதை உங்க வாயால சொல்ல வைக்கத்தான் தெச்சேன்," என்று வசுதா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "எனக்குக் கத்துக்கொடுத்தவர் மஞ்சுநாத். நான் கல்யாணம் பண்ணிக்கணும்னு கூட்டிண்டு வந்தப்போ, தோல் தொடறவன் நம்ம வாசப்படி ஏறக்கூடாதுன்னு நீங்க துரத்தினேளே, அவர்தான். இப்ப இவாளையும் துரத்துங்கோ."

மாப்பிள்ளையின் அப்பா செருப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்கோ, கிளம்பலாம். நாமளும் தோல் தொடறவாதான்."